முன்பக்கம் தேய்ந்த தட்டு

சினிமாவில் வராத பாட்டுகளை, சின்னக் குழுக்கள் தாங்களாகவே வெளியிடும் தொகுப்புகளைக் கேட்டுக் கருத்து எழுதப் போகிறோம் என்று கிளம்பியிருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருத்தன் போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். புதிதாக வந்த தொகுப்பு ஒன்றை என் காதில் மாட்டிவிட்டான். பாடுகிறவள் மூச்சை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. அதற்குள், "எப்படி இருக்கு பாட்டி?" என்றான்.

"மூச்சு நல்லா இழுக்குறா" என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டான். இவனை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எப்படிப் பிழைக்கப் போகிறீர்களோ என்ற கவலையில்தான் இதையெல்லாம் சொல்லுகிறேன்.

நானும் உங்கள் தொழில்தான். மலாக்காவில், காஜா பேராங்கில், ரேடியோவும் கிராமபோனும் விற்கும் கடை ஒன்றில் புதுத் தட்டுகளைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் வேலை. அப்போது தொகுப்பு என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கறுப்புத் தட்டு, முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். இப்போது முக்கால் மணி நேரம் பாடுகிறார்கள். சொல்லத்தான் ஒன்றையும் காணோம். முகத்தைச் சுளிக்காதீர்கள், இதுவும் கருத்துதான்.

அந்த வேலையைத் தேடி நான் போகவில்லை. கடைக்கு முன்னால், மாடிக்கு அடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தேன். கடை முதலாளி நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம். வெள்ளைச் சட்டை, கறுப்பு சொங்கோக் தொப்பி, சிரிப்பைத் தவிர எல்லாம் தாராளமாகக் கொடுக்கிற மனுஷன். ஒரு நாள் என் பின்னால் வந்து நின்று, நான் கட்டிப் போட்டிருந்த மல்லிகைச் சரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏன் புள்ள, இந்த எடத்துல மட்டும் ஏன் தொளதொளன்னு கெடக்கு?"

"அது ஒங்க தட்டு பண்ணுன வேல மொதலாளி. ஈப்போவுலேருந்து வந்துச்சே, வாயால ஊதுற பெட்டியும் மிருதங்கமும். ஒரு கொசு மிருதங்கத்தத் தொரத்துது. மிருதங்கம் பயந்து ஓடுது. எங் கையும் கூட ஓடிருச்சு."

"இங்க நெருக்கமா இருக்கே?"

"அந்த தைப்பிங் பொண்ணு பாட்டு. அவ எழுத்து எழுத்தா நிறுத்திப் பாடுனா. நானும் பூ பூவா நிறுத்திக் கட்டுனேன்."

அவர் சரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் கடைக்குள் எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தது.

"நல்லா இருக்கு, நல்லா இல்லங்குறது எனக்கு வேணாம் புள்ள. அத ரோட்டுல போறவனும் சொல்லுவான். ஒங் கை எங்க நின்னுச்சு, எங்க ஓடுச்சு, அத மட்டும் சொல்லு."

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவும் இல்லை.

பெரிய கம்பெனித் தட்டுக்கு என் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள். படம் ஓடினால் தட்டும் ஓடும். என்னிடம் வந்ததெல்லாம் யாரும் சீந்தாத சின்னத் தட்டுகள். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய காலம் அது. ஆளாளுக்கு எதையாவது புதிதாகச் செய்துபார்க்கும் ஆசை வந்துவிட்டது. புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் தகரக் கூரையில் மழை கொட்டும்போது பாடிப் பதிவு செய்திருந்தார். கூடவே மழையும் பாடியது. "மழைக்கு நல்ல குரல் சார். நீங்கதான் நடுவுல நடுவுல பேசிட்டீங்க" என்றேன். இன்னொருவர் மலாய்க்காரர்களின் குரோஞ்சோங் கித்தாரை வைத்துத் தாலாட்டுப் பாடியிருந்தார். பாதித் தட்டில் நான் முக்காலியிலேயே தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் பாடியவர் முகம் கூம்பி நிற்கிறார். "தாலாட்டுதானேண்ணே? இன்னும் என்ன சர்ட்டிபிகேட் வேணும்?" என்றேன். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

உங்களுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கு இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயரை நான் படித்து முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். அதனால் யார் பாடுகிறார், எந்த ஊர், எந்தக் குலம் என்று தெரியாமலே கேட்டுப் பழகினேன். நீங்கள் பாட்டுக்கு முன்னால் அந்தக் குழுவின் ஜாதகத்தையே படித்துவிடுகிறீர்கள். அப்புறம் காதுக்கு என்ன வேலை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் தட்டு ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தவர் மருதை அண்ணன்.

மருதை அண்ணன் மலாக்கா ஆற்றில் தொங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்குகிறவர். தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் அவரும் அவர் ஆட்களும் தப்பட்டையோடு வந்து நிற்பார்கள். கல்யாணத்துக்கு அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்னார் வீட்டில் பிறந்தவன் இன்ன மேளம்தான் அடிக்கணும் என்கிற வழக்கம், நம் ஆட்களோடு சேர்ந்து அதுவும் கப்பலேறி வந்துவிட்டது. அண்ணன் உப்பு வாங்கக் கடைக்குப் போனால்கூட, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பார்கள்.

அவருக்கு ஒரு கூட்டாளி சேர்ந்தார். காஜா பேராங்கில் செட்டி கம்போங் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர். அந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கியவர்கள், விபூதி பூசுவார்கள், கோயிலுக்குத் தேர் இழுப்பார்கள், பேச்சு மட்டும் மலாய். வயலினை அவர்கள் பியோலா என்பார்கள். இவர் கல்யாண வீடுகளில் பியோலா வாசிப்பவர், அதனால் எங்களுக்கு பியோலா மாமா. ஒருவர் சாவுக்கு, ஒருவர் கல்யாணத்துக்கு. ஆற்றங்கரையில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், இவர் தட்ட அவர் இழுக்க, இரண்டும் ஒட்டிக்கொண்டது.

சுதந்திரத்தன்று ஊர்வலம் ஒன்று எங்கள் சாலை வழியாகப் போவதாக ஏற்பாடு. தமிழர்களின் வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அதன் செயலாளர் முன்பு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், கணக்கு வழக்கு எழுதுகிற உத்தியோகம். மருதை அண்ணன் அவரிடம் போய், நாங்களும் அடிக்கிறோம் என்று கேட்டிருக்கிறார். "நாடு பொறக்குற அன்னைக்கு சாவு மேளமா?" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் அடியை ஒழுங்காக ஒரு தடவை கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று அண்ணனுக்கு நம்பிக்கை. நேரே போனால் கேட்க மாட்டேன் என்கிறார்களே, தட்டாகப் போனால் கேட்பார்கள் அல்லவா? அதற்காகவே சிங்கப்பூர் போய்ச் சின்னக் கம்பெனி ஒன்றில் தட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தட்டை என் மடியில் வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "முன்பக்கம் எங்க அடி. பின்பக்கம் மரியாதையான பாட்டு, சினிமா மாதிரி. நீ வெளிய வைக்கிறப்ப பின்பக்கத்த வையி தங்கச்சி."

புதுத் தட்டை முதலில் உள்ளே, பெட்டியின் மூடியைச் சாத்திவைத்துக் கேட்க வேண்டும் என்பது கடை வழக்கம். நான் தேறியது என்று சொன்னால், அப்புறம் வாசல் தூணில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்கும்படி வைப்பார்கள்.

முன்பக்கத்தை வைத்தேன். பூவும் நாரும் மடியில். முதலில் தப்பட்டை மட்டும். சுடச்சுட அடி, நேரே மண்டைக்குள் இறங்கும் அடி. கொஞ்ச நேரம் கழித்து, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பியோலா மெல்லக் கால் வைக்கிறது. தப்பட்டை அதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது. அப்புறம் மருதை அண்ணன் தமிழில் ஒன்று கேட்க, மாமா மலாயில் பதில் பாட, இரண்டும் ஒன்றையொன்று கேலி பண்ணிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிடுகின்றன. தட்டு முடிந்து ஊசி சும்மா கிர்ர் கிர்ர் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கையில் நார் மட்டும் இருக்கிறது. ஒரு பூகூடக் கட்டவில்லை.

பின்பக்கத்தையும் வைத்தேன். ஒரு முழம் கட்டி முடித்துவிட்டேன்.

"அண்ணே, பின்பக்கம் அடிக்கிறப்ப தோலு ஆறிப்போச்சா?"

அண்ணன் என்னை முறைத்துப் பார்த்தார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"தட்டுதான் சொல்லுச்சு."

அப்புறம்தான் வெளியே வந்தது. தப்பட்டையை நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் விறைத்துக் குரல் கொடுக்கும். பதிவு செய்கிற அறையில் நெருப்பு மூட்ட விடவில்லையாம். பின்சந்தில் பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சி, சூடு இறங்குவதற்குள் ஓடிவந்து முன்பக்கத்தை அடித்திருக்கிறார்கள். பின்பக்கத்துக்கு மறுபடி காய்ச்சப் போனால் கம்பெனிக்காரன் நேரமாகிறது என்று கத்தியிருக்கிறான்.

"இருந்தாலும் அது மரியாதையான பாட்டு தங்கச்சி."

"மரியாதை இருக்குண்ணே. பாட்டத்தான் காணோம்."

அவருக்குச் சுருக்கென்று கோபம். பியோலா மாமா மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார். முதலாளி கேட்டார்: "எந்தப் பக்கம் புள்ள வெளிய வைக்கிறது?"

"முன்பக்கம்."

அந்த வாரம் முழுக்க மூடியைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தையே கேட்டேன். அடுத்த சனிக்கிழமை காலையில், பசாருக்குப் போகிற கூட்டம் தெருவில் நிறைந்திருக்கும்போது, ஒலிபெருக்கியில் வைத்தேன். அண்ணனும் மாமாவும் தூணோரம் நின்றார்கள். அண்ணன் வேட்டி துவைத்து மடிப்போடு கட்டியிருந்தார்.

இங்கேதான் நமது தொழிலில் மட்டும் நடக்கிற பிசகு ஒன்று நடந்தது. கவனமாகக் கேளுங்கள்.

எங்கள் கடை வரிசையில் அப்போதெல்லாம் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையாகச் செருகிக் கடையை மூட வேண்டும். சாவு மேளம் கேட்டால், செத்தது யாராக இருந்தாலும், சீனர் கடையோ முஸ்லிம் மாமாக் கடையோ தமிழர் கடையோ, எல்லோரும் பலகையை எடுத்துப் பாதி வாசல்வரை செருகிவிடுவார்கள். பாடை தாண்டிப் போனதும் எடுப்பார்கள். அது எனக்கும் தெரியும். நானே எத்தனையோ தடவை பூக்கூடையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு என் காதில் அந்த அடி கல்யாண வீடாகிப்போயிருந்தது. ஒரு தொகுப்பைப் பத்துத் தரம் கேட்டுவிட்டு எழுதுகிறீர்களே, படிக்கிறவன் முதல் தரம் கேட்கப் போகிறவன் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துபோனேன்.

முதல் அடி விழுந்தது. எதிர்க் கடையில் ஒரு பலகை 'டொக்' என்று செருகும் சத்தம். அடுத்த கடையில் 'டொக்'. அப்புறம் வரிசை முழுக்க டொக், டொக், டொக். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றுவிட்டார்கள். காப்பிக்கடைச் சீன முதலாளி, தவுக்கே என்போம், கையில் வடிகட்டிப் பையோடு வெளியே ஓடிவந்து, "சியாப்பா மாத்தி? சியாப்பா மாத்தி?" என்றார். யார் செத்தது என்று கேட்கிறார். காப்பிக்கடைக்குள் உட்கார்ந்திருந்த கிராணியார் முகம் வெளுத்து எழுந்தார். அவருடைய அம்மா பின்சந்து வீட்டில் பல மாதமாகப் படுத்த படுக்கை. அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டைப் பார்த்து ஓடினார்.

மருதை அண்ணன் செருகிய பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. யாரோ அவர் வேட்டியில் சேற்றை அள்ளி எறிந்த மாதிரி நின்றார்.

"தூக்கு தங்கச்சி. ஊசியத் தூக்கு. நான் அப்பவே சொன்னேன்ல?"

"தூக்கு புள்ள!" என்று முதலாளி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "கிராணியார் ஓடுறத பார்த்தியா? ஏதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிறப் போவுது!"

நான் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டேன். கையில் நார் வெட்டும் கத்தரிக்கோல்.

"யாரும் கிட்ட வராதீங்க மொதலாளி."

"என் கடை புள்ள இது!"

"கடை ஒங்களுது. கருத்து என்னுது. முடியட்டும்."

முதலாளி நினைத்தால் அன்றைக்கே என் முக்காலியை மட்டுமல்ல, வாசலில் என் பூக்கூடையையும் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் ஒரு கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது ஊசியைத் தூக்கினால் இந்தத் தெருவுக்கு அது சாவு மேளம் மட்டும்தான். பியோலா வந்தது யாருக்கும் தெரியாது. மருதை அண்ணன் இனிமேல் ஊர்வலம் என்ற வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டார். பாதியில் நிறுத்தினால் அந்தப் பாதியே முழுசாகிவிடும்.

எனக்குத் துணைக்கு நின்றவர் ஒரே ஒருத்தர். பியோலா மாமா கையை விரித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார்: "ஜாங்ஙான் ஆங்காட் லா! பியோலா பெலும் மாசுக்!" தூக்காதே, பியோலா இன்னும் உள்ளே வரவில்லை என்கிறார். ஊரே இழவு என்று நிற்கிறது. அவருக்கு அவர் வாத்தியம் வருவதுதான் கவலை. கலைஞன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பியோலா வந்தது. அந்தச் சந்தில் மெல்லக் கால் வைத்து வந்தது.

தவுக்கே வடிகட்டிப் பையை இறக்கினார். சைக்கிள்காரர் ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். தமிழும் மலாயும் கேலி பேச ஆரம்பித்ததும் மீன்காரம்மா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தாமலே சிரித்தாள். ஆனாலும் ஒரு பலகையும் எடுபடவில்லை. நம்பலாமா கூடாதா என்று தெருவுக்கே சந்தேகம்.

தட்டு முடியும் நேரத்தில் கிராணியார் திரும்பி ஓடிவந்தார். மூச்சு வாங்குகிறது. கண்ணில் கோபம்.

"யாரு... யாரு வச்சது இத?"

"நாந்தான் ஐயா."

"எங்கம்மா..." என்றார். குனிந்து முழங்காலில் கையை ஊன்றினார். முதலாளி தொப்பியைக் கழற்றிவிட்டார். மருதை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கம்மா எந்திரிச்சு ஒக்காந்துருக்கு! கட்டில் சட்டத்துல தாளம் போடுது! 'எனக்கு அடிக்கப் போற மேளத்த நானே கேட்டுட்டேன்டா, நல்லாத்தான் இருக்கு, நடுவுல யாரோ பிடிலு வாசிக்கிறானே அவன் யாரு? இன்னொரு தரம் வைக்கச் சொல்லு'ன்னுது! என்னா வெளையாட்டு இது? நான் செத்துப் பொழச்சு வந்துருக்கேன்!"

அவர் கோபம் நியாயம்தான். நான் சிரிக்கவில்லை. தெருவே சிரித்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்வது?

"பெரியம்மாவுக்கு இங்கேருந்து சரியாக் கேக்காது ஐயா" என்றேன் பவ்வியமாக. "மொதலாளி, சாவி குடுக்குற பெட்டி ஒண்ணு சும்மாதானே கெடக்கு? தட்டோட அவங்க வீட்டுக்கு அனுப்புங்க. ஒடம்பு முடியாதவங்க."

முதலாளி என்னைக் கூர்ந்து பார்த்தார். வியாபாரி அல்லவா, வாசனை பிடித்துவிட்டார். மறுபேச்சில்லாமல் அனுப்பினார்.

அந்தப் பெட்டிக்குச் சாவி முடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும். பெரியம்மா கையில் பலமில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. அப்படியானால் அம்மா கேட்கும்போதெல்லாம் தட்டை வைக்கப் போவது யார்? பூக்கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு நடந்ததுதான் அவருக்கும் நடக்க வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் என் காதில் இழவு கல்யாணமாக மாறியது. அவர் காது மட்டும் தகரமா என்ன?

கொஞ்ச நாளில் கிராணியார் ஊசி டப்பா வாங்க வந்தார். மறுபடியும் வந்தார். மூன்றாவது முறை முதலாளி ஊசி எடுக்க உள்ளே போனபோது, கிராணியாரின் விரல் கண்ணாடிப் பெட்டிமேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்து அடி. சந்துகூடச் சரியாக விட்டுத் தட்டினார். நான் கவனிப்பதைப் பார்த்ததும் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெருவிலும் நாங்கள் விடவில்லை. அண்ணன் கொடுத்த இன்னொரு பிரதியைத் தினமும் காலையில் ஒரு தரம் வைத்தோம். முதலில் பலகையைச் செருக எடுத்தவர்கள், பிறகு பலகைமேல் கையை மட்டும் வைத்தார்கள், பிறகு அதையும் மறந்துபோனார்கள்.

ஆனால் இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. ஒரு நாள் கிராணியார் மருதை அண்ணனைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். பியோலா மாமாவும் வந்தார்.

"குழுவுல பேசிட்டேன் மருத. ஊர்வலத்துல எடம் உண்டு. ஆனா பின்பக்கம் இருக்குல்ல, அந்தப் பாட்டத்தான் அடிக்கணும். யாரும் மொகம் சுளிக்க மாட்டாங்க."

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சரிங்கய்யா! தாராளமா!" என்றவர், என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பினார். "என்ன தங்கச்சி? சொல்லு."

பிள்ளைகளே, இந்த இடம்தான் கஷ்டமான இடம். கத்தரிக்கோலோடு நின்றதெல்லாம் பெரிதில்லை. ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்ட மனிதர், சந்தோஷமாக உங்களைப் பார்த்துக் கேட்கிறார். தலையை ஆட்டிவிட்டால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒருத்தர் கேட்பார்.

"பின்பக்கம் வேணாம்ணே" என்றேன். "அத அடிச்சிக்கிட்டுப் போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. சினிமா மாதிரி வாசிக்க சினிமாக்காரன் இருக்கான். ஒங்கள மாதிரி அடிக்க நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

"ஒனக்கென்ன தங்கச்சி?" அண்ணன் குரல் உடைந்தது. "நீ பாட்டுக்குக் கருத்தச் சொல்லிட்டுப் பூக்கட்டப் போயிருவ. எனக்கு இந்த ஒரு நாளுதான்."

அது உண்மைதான். கருத்துச் சொல்கிறவளுக்கு என்ன நஷ்டம்? கிராணியார் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, பெரியம்மா பின்பக்கத்த எத்தன தரம் வைக்கச் சொன்னாங்க?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "ஒரு தரம் வச்சேன். பாதியில, 'மாத்துடா'ன்னுச்சு."

"சரி, அவங்க பெரியவங்க. ஒங்க கைய கேட்டுப் பாருங்க."

கிராணியார் தன் கையைப் பார்த்தார். அது மறுபடியும் கண்ணாடிப் பெட்டிமேல் இருந்தது. பியோலா மாமா முதலில் சிரித்தார். அப்புறம் மருதை அண்ணன் அந்தக் கையையே பார்த்தார். தன் அடியை இன்னொருத்தர் விரலில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்:

"முன்பக்கந்தான் ஐயா. இல்லாட்டி நாங்க வரல."

கிராணியார் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "குழுவுல என்னைய கடிச்சித் தின்னுருவானுங்க லா" என்று முனகிக்கொண்டே போனார். என்ன பேசினாரோ தெரியாது. கடைசி லாரிக்கும் பின்னால், ஊர்வலத்தின் வாலில் இடம் கிடைத்தது.

சுதந்திரத்தன்று கடைகளுக்கெல்லாம் விடுமுறை. எங்கள் வரிசையில் எல்லா வாசலிலும் பலகை முழுக்கச் செருகியிருந்தது. பெரும்பாலோர் கடைக்கு மேலிருக்கும் வீட்டு மாடி ஜன்னல் வழியாக வேடிக்கை. கொடி கட்டிய லாரிகள் வந்தன, நாதஸ்வரம் வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். வால் எங்கள் கடைக்கு அருகே வந்தபோது ஊர்வலம் சற்று நின்றது. தப்பட்டை ஆறிப்போயிருந்தது. அண்ணன் நெருப்புக்கு அங்குமிங்கும் பார்க்கிறார். காப்பிக்கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்து தவுக்கே வெளியே வந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றி, கரி கனன்றுகொண்டிருந்த காப்பி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சியாப்பா மாத்தி" என்று கேட்ட அதே ஆள்தான். நடுத்தெருவில் வைத்துவிட்டு, "சப்பாட் லா!" என்றார். சீக்கிரம் ஆகட்டும் என்று அர்த்தம். தப்பட்டைகளைச் சுற்றி வைத்துக் காய்ச்சினார்கள்.

முதல் அடி விழுந்தது.

டொக்.

எதிர்க் கடையில் ஒரு பலகை அசைந்தது. உள்ளேயிருந்து அதை உருவி எடுத்தார்கள். சந்தில் ஒரு முகம். பக்கத்துக் கடையில் டொக், இன்னொரு பலகை. அப்புறம் வரிசை முழுக்க டொக், டொக், டொக். அன்றைக்குச் செருகிய அதே கைகள், இன்று உருவின. மாடியிலிருந்தவர்கள் படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். பியோலா வருகிற இடம் தெருவுக்கே மனப்பாடம். அது கால் வைத்ததும் ஐந்தடிப் பாதை முழுக்க ஒரு கூச்சல். கிராணியார் அம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்து எங்கள் கடை வாசலில் உட்கார வைத்திருந்தார். பெரியம்மா கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே, "பிடிலுக்காரன் அழகன்டா" என்றார்.

முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். "கை எங்க புள்ள நின்னுச்சு?"

கூடையைப் பார்த்தேன். கட்டியது, கட்டாதது எல்லாவற்றையும் எப்போதோ அள்ளித் தெருவில் வீசியிருக்கிறேன். மருதை அண்ணன் தலையில் மல்லிகை, தப்பட்டைத் தோலில் மல்லிகை துள்ளிக்கொண்டிருக்கிறது.

"நிக்கவே இல்ல மொதலாளி."

அந்த மனுஷன் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் மருதை அண்ணனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்களும் உண்டு, கூப்பிடாதவர்களும் உண்டு. ஒரே தட்டில் ஊர் திருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வரிசையில் மட்டும் அவர் உப்பு வாங்க வந்தால், "அடுத்த தட்டு எப்பண்ணே?" என்று கேட்டார்கள்.

அந்தத் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்க வேண்டுமானால் வாருங்கள், மூச்சு இழுப்பதை எழுதுகிறவனையும் கூட்டி வாருங்கள். முன்பக்கம் ஊசி ஓடி ஓடி வெளுத்துப்போய், பாட்டோடு சேர்ந்து மழையும் பெய்கிற மாதிரிக் கேட்கும். பின்பக்கம் கீறல் ஒன்றில்லாமல் புதிதாகப் பளபளவென்று மின்னுகிறது. என் கருத்தை யாராவது சந்தேகப்பட்டால், நான் ஒன்றும் பேச மாட்டேன். தட்டைத் திருப்பிக் காட்டுவேன்.